மூன்றாம் டிவிஷன் ஐஸ் ஹாக்கி பார்க்க ஒரு நீள நோட்டு போதும்

ஐஸ் ஹாக்கி பார்க்கலாம் என்று கிளம்புகிறவர்கள் எல்லாரும் நேரே கனடாவையும் ஸ்வீடனையும் தேடிப் போகிறார்கள். இதில் நான் எதிர்க்கட்சி. நம்ம பக்கத்து ஆள் ஒருவருக்கு இந்த ஆட்டம் பிடிபட வேண்டுமென்றால், இருபது வயதுக்கு உட்பட்டோர் உலகப் போட்டியின் அடித்தட்டில், மூன்றாம் டிவிஷனில் தொடங்குவதுதான் தோது. ஆறு அணி, பதினைந்து ஆட்டம், ஒரே அரங்கம், ஏறக்குறைய ஒரு வாரம். மொத்தமும் ஒரு நோட்டில் இரண்டு பக்கத்துக்குள் அடங்கிவிடும்.

நான் கோவில்பட்டிக்காரன். பகலில் தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு. டோர்னமென்ட் வந்தால் மைதானத்து மேசையில் உட்கார்ந்து ஸ்கோர் எழுதுவேன். எங்கள் ஊரில் ஹாக்கியைப் பற்றி யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2022இல் தேசிய ஜூனியர் ஆடவர் போட்டியே இங்கேதான் நடந்தது. அதே ஆண்டு இந்திய அணிக்கு ஆடப் போன மாரீஸ்வரன் எங்கள் ஊர்ப் பையன். ஆகவே புல்லிலோ டர்ஃபிலோ ஹாக்கி பார்த்துப் பழகியவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களும் வாசிக்கலாம், நடுவே சில இடங்களைத் தாண்டிப் போனால் குடி முழுகிவிடாது.

எந்தப் போட்டி, எந்தத் தட்டு

சர்வதேச ஐஸ் ஹாக்கி கூட்டமைப்பு 1908இல் பாரிஸில் தொடங்கியது. இப்போது ஜூரிச்சிலிருந்து இயங்குகிறது. அது நடத்தும் இருபது வயதுப் போட்டியில் மேல் தட்டில் 10 அணிகள். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் தொடங்கி ஜனவரி முதல் வாரம் வரை நடக்கும். தொலைக்காட்சி, கூட்டம், காசு எல்லாம் அங்கே. அதற்குக் கீழே முதலாம் டிவிஷன் ஏ, பி. இரண்டாம் டிவிஷன் ஏ, பி. மூன்றாம் டிவிஷன் ஏ, பி. முதலாம் டிவிஷன் என்றதும் அதுதான் உச்சம் என்று எண்ணிவிட வேண்டாம், அது இரண்டாவது தட்டு. அப்படிப் பார்த்தால் மூன்றாம் டிவிஷன் ஏ ஆறாவது தட்டு, பி ஏழாவது.

ஒவ்வொரு தட்டிலும் பெரும்பாலும் ஆறு அணிகள். ஒவ்வொன்றும் மற்ற ஐந்தோடும் ஒருமுறை மோதும். முதலில் வருவது அடுத்த ஆண்டு ஒரு படி மேலே போகும், கடைசியில் வருவது ஒரு படி கீழே இறங்கும். அடியிலும் அடியான தட்டில் இறங்க இடமில்லை. அணிகள் கூடிப்போனால் இரண்டு பிரிவாக்கி அரையிறுதி, இறுதி என்று வைப்பதும் உண்டு. அதனால் அட்டவணை வந்ததும் முதல் வேலையாக ஆட்டமுறையைப் பார்த்துவிடுங்கள்.

இந்தத் தட்டுகளில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும் நாடுகளின் பெயர்களே ஒரு சுவாரசியம். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஐஸ்லாந்து, துருக்கி, பல்கேரியா, மெக்சிகோ, இஸ்ரேல், தென்னாப்பிரிக்கா, சீன தைபே என்று போகும். சீன தைபே என்பது தைவான்தான், விளையாட்டில் அந்தப் பெயரில் ஆடுகிறார்கள். ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் பையன்களுக்கு ஜனவரி என்பது நடுக்கோடை, உள்ளூர் சீசன் முடிந்து மாதங்கள் ஆகியிருக்கும். முதல் ஆட்டத்தில் அவர்கள் தடுமாறினால் திறமைக் குறைவு என்று உடனே தீர்ப்புச் சொல்லாதீர்கள். மூன்றாம் ஆட்டத்தில் வேறு அணி மாதிரி தெரிவார்கள்.

வயதுக் கணக்கு லேசானது. போட்டி நடக்கும் ஆண்டிலிருந்து 20ஐக் கழியுங்கள். 2025 போட்டி என்றால் 2005 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள். பதினாறு வயதுப் பையனும் அணியில் இருக்கலாம். 18 வயது ஆகாதவர்கள் முகம் முழுக்க மறைக்கும் கம்பிக்கூண்டோ கண்ணாடியோ அணிய வேண்டும், ஆகையால் படத்தில் யார் சின்னவன் என்பது கூண்டைப் பார்த்தே பெரும்பாலும் தெரிந்துவிடும்.

மணிக்கணக்கு

ஒரே அரங்கத்தில் நாளொன்றுக்கு மூன்று ஆட்டம். பொதுவாக மதியம், மாலை, இரவு. அந்த ஊர் நேரத்தை நம் நேரமாக்கித் தாளில் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள், மனக்கணக்கு வேண்டாம். ஜனவரியில் பல்கேரியாவின் சோபியாவில் இரவு 8 மணி ஆட்டம் நமக்கு 11:30. இஸ்தான்புல் என்றால் 10:30. ஐஸ்லாந்தின் ரெய்க்யாவிக் என்றால் விடியற்காலை 1:30. இந்தப் போட்டி 2019இல் அங்கேதான் நடந்தது. 2017இல் நியூசிலாந்தின் டனிடினில் நடந்தது. டனிடினில் மதியம் 1 மணி ஆட்டம் என்றால் நமக்கு விடியற்காலை 5:30, இரவு 8 மணி ஆட்டம் நமக்கு மதியம் 12:30. மெக்சிகோவில் இரவு 8 மணி என்றால் நமக்கு மறுநாள் காலை 7:30.

எல்லாவற்றையும் நேரலையில் பார்க்க வேண்டுமென்று கட்டாயம் இல்லை. ஒரு நாளின் மூன்று ஆட்டத்தில் ஒன்றை முழுசாகப் பாருங்கள், மற்ற இரண்டையும் ஆட்டத் தாளில், அதாவது யார் எப்போது கோல் போட்டார் என்கிற பதிவில், வாசியுங்கள். பொங்கல் சமயத்தில் வருகிற போட்டி இது. வீட்டில் வெள்ளையடிப்பும் விருந்தாளியும் இருக்கும். நள்ளிரவில் போன் வெளிச்சத்தைப் பார்த்தால் என் அம்மா, "ஏல, இந்நேரத்துல என்னத்தல பாத்துக்கிட்டு கெடக்க?" என்பாள். சொல்ல நல்ல பதில் கிடையாது. சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொள்ளுங்கள்.

படம் எங்கே வரும் என்றால், பல சமயம் போட்டியை நடத்துகிற நாட்டுச் சங்கம் யூடியூபில் போடும். சர்வதேசக் கூட்டமைப்பின் தளத்தில் ஒவ்வொரு போட்டிக்கும் தனிப் பக்கம் இருக்கும். அட்டவணை, அணிப் பட்டியல், ஒவ்வொரு ஆட்டத்தின் முழுத் தாள் எல்லாம் அங்கே கிடைக்கும். எனக்குப் படத்தைவிட அந்தத் தாள்தான் பெரிது.

நோட்டில் கட்டம்

ஆபீஸில் மிச்சமான நீள நோட்டு ஒன்று போதும். ஆறுக்கு ஆறு கட்டம் போடுங்கள். மேலே ஆறு நாடு, இடது பக்கம் அதே வரிசையில் அதே ஆறு நாடு. குறுக்காக வருகிற ஆறு கட்டத்தையும் கறுப்பாக அடித்துவிடுங்கள், எந்த அணியும் தன்னோடு ஆடாது. குறுக்குக் கோட்டுக்கு மேலே மிஞ்சுவது சரியாகப் பதினைந்து கட்டம். அதுதான் போட்டி மொத்தமும்.

ஒவ்வொரு கட்டத்திலும் மூன்று விஷயம் எழுதுங்கள்: கோல், புள்ளி, கோலை நோக்கி அடித்த அடிகள். புள்ளிக் கணக்கு இப்படி. 60 நிமிடத்துக்குள் ஜெயித்தால் 3. கூடுதல் நேரத்திலோ ஷூட்அவுட்டிலோ (ஒருவர் தனியாகக் கீப்பரை எதிர்த்து அடிப்பது) ஜெயித்தால் 2, தோற்றவருக்கு 1. 60 நிமிடத்துக்குள் தோற்றால் ஒன்றுமில்லை. டிரா என்ற பேச்சே கிடையாது.

இதில் கணக்கு எழுதுகிறவனுக்கு ஒரு சந்தோஷம் ஒளிந்திருக்கிறது. எப்படி முடிந்தாலும் ஓர் ஆட்டம் பிரித்துக் கொடுப்பது 3 புள்ளிதான், 3க்கு 0 அல்லது 2க்கு 1. பதினைந்து ஆட்டத்துக்கு 45. போட்டி முடிந்ததும் ஆறு அணியின் புள்ளிகளையும் கூட்டுங்கள். 45 வரவில்லையென்றால் எங்கோ ஒரு கட்டத்தில் கூடுதல் நேரத்தைக் கவனிக்காமல் விட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். நடுவிலும் அப்படித்தான்: ஆறு ஆட்டம் முடிந்திருந்தால் 18. நான் ஒவ்வொரு ராத்திரியும் டேலி பார்த்துவிட்டுத்தான் படுப்பேன்.

கூடுதல் நேரத்தில் முடிந்த ஆட்டத்தைச் சிவப்பு மையில் எழுதுங்கள். கடைசி நாளில் உதவும்.

படம் ஓடும்போது

முதலில் குழப்புவது பக். கறுப்பு ரப்பர் வில்லை, 7.62 செ.மீ. குறுக்களவு, 2.54 செ.மீ. கனம், 156 முதல் 170 கிராம் எடை. டீக்கடை ஆமவடை அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். துள்ளாமல் வழுக்க வேண்டும் என்பதற்காக ஆட்டத்துக்கு முன் உறைய வைத்துக் கொண்டுவருவார்கள். கீழ்த்தட்டு ஆட்டத்தில் பல நேரம் ஒரே ஒரு கேமரா, நடுக்கோட்டுக்கு நேரே உயரத்தில் இருக்கும். ரீப்ளே சந்தேகம். பக்கைக் கண்ணால் பிடிக்கவே முடியாது.

என் அக்கா மகன் பள்ளிக்கூட அணியில் ஹாஃப் ஆடுகிறவன். முதல் தடவை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "மாமா, பந்து எங்க போச்சுன்னே தெரியலியே" என்றான். "பந்தத் தேடாதல, அஞ்சு பேரு தோளும் எந்தப் பக்கம் திரும்புதுன்னு பாரு" என்றேன். பத்து நிமிஷத்தில் பழகிவிட்டது. கோல் கீப்பரின் முழங்கால் எப்போது மடங்குகிறது, பெஞ்சில் யார் சுவரைத் தாண்டக் காலைத் தூக்குகிறார்கள், இவை இரண்டையும் பார்த்தாலே ஆட்டம் எங்கே நடக்கிறது என்பது தெரியும்.

நம் ஹாக்கி தெரிந்தவர்கள் சில அளவுகளை ஒப்பிட்டுக்கொண்டால் மீதி தானாக விளங்கும். நம் கோல் 3.66 மீட்டர் அகலம். அங்கே 1.83, சரிபாதி. உயரம் நமக்கு 2.14, அவர்களுக்கு 1.22. அந்தப் பொந்துக்கு முன்னால் மூட்டை மாதிரி உறையெல்லாம் அணிந்த ஓர் ஆள். மைதானம் 60 மீட்டர் நீளம், 26 முதல் 30 மீட்டர் அகலம், நம் டர்ஃபோடு பார்த்தால் சின்ன இடம். சுற்றிலும் பலகைச் சுவர், அதில் பக்கை மோதவிட்டு எடுக்கலாம். கோலுக்குப் பின்னாலும் ஆட்டம் நடக்கும். டி (நம் ஹாக்கியில் கோலுக்கு முன்னால் இருக்கிற வளைவு, அதற்குள்ளிருந்து அடித்தால்தான் கோல்) என்பதே கிடையாது, எங்கிருந்து அடித்தாலும் கோல். ஸ்டிக்கின் இரண்டு பக்கத்தாலும் ஆடலாம். பக்கை வைத்திருக்கிற ஆளை உடம்பால் மோதித் தள்ளலாம், அதற்கும் வரைமுறை உண்டு.

ஒரு நேரத்தில் ஆறு பேர், கீப்பரையும் சேர்த்து. ஓர் ஆட்டத்துக்குக் கீப்பர் இரண்டு பேர், மற்றவர்கள் 20 பேர் வரை பட்டியலில் இருக்கலாம். மாற்று ஆட்டக்காரர் ஓடிக்கொண்டே இறங்குவது நமக்குத் தெரிந்ததுதான், ஆனால் இங்கே ஒருவர் 40, 50 வினாடி ஆடிவிட்டு உடனே வெளியே வந்துவிடுவார். ஐந்து பேர் ஐந்து பேராக மாறுவார்கள்.

நேரமும் நம்மைப் போலவே 60 நிமிடம். நமக்கு நான்கு 15, அவர்களுக்கு மூன்று 20. விசில் அடித்ததும் கடிகாரம் நிற்கும், நடுவே இரண்டு இடைவேளை, ஆகவே இரண்டே கால் மணி நேரம் ஒதுக்கி வையுங்கள். தண்டனையும் புரியும்: நம் பச்சைக் கார்டு மாதிரி சின்னத் தப்புக்கு 2 நிமிடம் வெளியே. பெரிய தப்புக்கு 5 நிமிடம், அத்தோடு தப்புச் செய்தவருக்கு அன்றைய ஆட்டமும் முடிந்துவிடும். ஒரு வித்தியாசம் முக்கியம். 2 நிமிடத் தண்டனையில் எதிரணி கோல் போட்டுவிட்டால் வெளியே இருப்பவர் உடனே உள்ளே வரலாம். 5 நிமிடத் தண்டனையில் எத்தனை கோல் விழுந்தாலும் முழுசாக அனுபவிக்க வேண்டியதுதான்.

நம் ஹாக்கியில் இருந்து எப்போதோ போய்விட்ட ஆஃப்சைடு இங்கே உண்டு. எதிரணிப் பகுதி தொடங்குகிற நீலக் கோட்டைப் பக் தாண்டுவதற்கு முன் தாக்குகிறவர் தாண்டக் கூடாது. தன் பாதியிலிருந்து எதிர்க் கோல் கோட்டையும் தாண்டி வெறுமனே அடித்துத் தள்ளினால் அது ஐசிங். விசில் அடித்துத் தள்ளியவர் பக்கமே கொண்டுவருவார்கள், அந்த அணி ஆள் மாற்றவும் முடியாது. ஆள் குறைவாக ஆடும்போது மட்டும் அப்படித் தள்ளலாம். இந்த இரண்டும் தெரிந்தால் முக்கால்வாசி விசிலுக்குக் காரணம் தெரிந்த மாதிரி.

தாளை வாசிப்பது

இனிதான் விஷயம். ஆட்டம் முடிந்ததும் தளத்தில் வருகிற ஆட்டத் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். நேரம் பூஜ்யத்திலிருந்து 60 வரை ஏறுமுகமாக இருக்கும். 47:12 என்றால் மூன்றாம் பகுதியில் 7 நிமிடம் 12 வினாடி. ஒவ்வொரு கோலுக்கும் நேராக அடித்தவர் எண், அதற்கு உதவிய இரண்டு பேர் வரை, அப்போது மைதானத்தில் நின்ற இரு அணி ஆட்களின் எண்கள். அப்புறம் ஒரு குறி. ஈ.க்யூ. என்றால் இரு பக்கமும் சம ஆள் இருக்கும்போது விழுந்தது. பி.பி. என்றால் எதிரணியில் ஆள் குறைந்திருந்தபோது. எஸ்.ஹெச். என்றால் தானே ஆள் குறைவாக இருந்தும் போட்டது. ஈ.என்.ஜி. என்றால் கீப்பர் இல்லாத காலிக் கோலில்.

கோல் எண்ணிக்கையை முதலில் பார்க்காதீர்கள். மூன்று பகுதிகளின் கணக்கைத் தனித்தனியாகப் பாருங்கள். ஓர் அணி 1-1, 0-1, 0-4 என்று தோற்றிருந்தால் ஆறுக்கு ஒன்று என்ற தோல்வி வேறு கதை சொல்கிறது. நாற்பது நிமிடம் சரிக்குச் சரி நின்றிருக்கிறார்கள், பிறகு பெஞ்ச் தீர்ந்துபோயிருக்கிறது. இந்தத் தட்டில் இது அடிக்கடி நடக்கும். சின்ன நாடுகளில் நன்றாக ஆடுகிறவர்கள் ஐந்தாறு பேர்தான். அவர்களையே திரும்பத் திரும்ப இறக்குவார்கள், 45ஆம் நிமிடத்தில் கால் வராது. கோல் விழுந்தபோது நின்றவர்களின் எண்களைக் கோடிட்டுப் பாருங்கள், ஒரே எண்கள் திரும்பத் திரும்ப வரும். பயிற்சியாளர் யாரை நம்புகிறார், யாரை நம்பவில்லை என்பதைப் பேட்டி எடுக்காமலே தெரிந்துகொள்ளலாம்.

அடுத்து அடிகளும் தடுப்புகளும். ஓர் உதாரணம், நானே போடுகிறேன். ஓர் அணி 46 அடி அடித்து 4 கோல், எதிரணி 15 அடி அடித்து அதுவும் 4 கோல், 60 நிமிடம் முடிந்தபோது 4-4. அடி வாங்கிய கீப்பர் 42 தடுத்திருக்கிறார், 91.30 சதவீதம். மற்றவர் 15இல் 11 தடுத்திருக்கிறார், 73.33. சமமாக முடிந்த ஆட்டத்தில் ஒரு பக்கம் ஒரு பையன் தனியாளாக அணியைத் தூக்கி நிறுத்தியிருக்கிறான், இன்னொரு பக்கம் ஒருவன் கனவு கண்டுகொண்டு நின்றிருக்கிறான். கீழ்த்தட்டுப் போட்டியைக் கீப்பர்கள்தான் தீர்மானிக்கிறார்கள் என்பது என் கட்சி. மேல்தட்டில் எல்லாரும் நல்ல கீப்பர்கள், வித்தியாசம் மயிரிழை. இங்கே நல்ல கீப்பர் வாய்த்த அணி ஒரு தட்டு ஏறிவிடும். ஆகையால் நோட்டின் கடைசியில் ஆறு அணியின் கீப்பர்களுக்கும் தனிப் பக்கம் போடுங்கள். நாளுக்கு நாள் எத்தனை அடி வாங்கினார்கள் என்று எழுதிவந்தால், நான்காம் ஆட்டத்தில் யார் சோர்ந்துபோவார்கள் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம். இரண்டாவது கீப்பரை எந்த ஆட்டத்தில் நிறுத்துகிறார்கள் என்பதையும் குறியுங்கள். ஜெயிக்க முடியாது என்று முடிவு கட்டிய ஆட்டம் எது என்பதை அது காட்டிக்கொடுக்கும்.

தண்டனை நிமிடங்களையும் பாருங்கள், ஆனால் அதை வைத்து முரட்டு அணி என்று முத்திரை குத்தாதீர்கள். பின்தங்கித் துரத்துகிறவன் ஸ்டிக்கால் கொக்கி போட்டுத்தான் நிறுத்துவான். வேகம் குறைந்த அணிக்குத் தண்டனை தானாக ஏறும்.

சமமாக முடிந்தால்

60 நிமிடத்தில் சமன் என்றால் 5 நிமிடக் கூடுதல் நேரம், கீப்பர் போக மூன்றுக்கு மூன்று. முதல் கோலோடு முடிந்தது. அதிலும் இல்லையென்றால் ஷூட்அவுட், ஓர் அணிக்கு ஐந்து பேர். நம் ஷூட்அவுட்டில் 8 வினாடிக்குள் கீப்பர் தடுத்துத் தெறித்ததையும் மறுபடி அடிக்கலாம். இங்கே ஒரே அடி, தெறித்தால் தீர்ந்தது. ஐந்தும் முடிந்து சமனாக இருந்தால் ஒவ்வொருவராக, அடித்தவரே திரும்ப வரலாம். ஷூட்அவுட்டில் ஐந்து பேர் போட்டாலும் ஸ்கோரில் ஒரு கோல்தான் கூடும். 4-4 ஆட்டம் 5-4 என்று முடியும்.

இதைவிடத் தலைவலி, புள்ளிப் பட்டியலில் சமமாவது. இரண்டு அணி சமம் என்றால் சிக்கலே இல்லை, அவர்கள் இருவரும் மோதியதில் யார் ஜெயித்தாரோ அவர் மேலே. மூன்று பேர் சமமானால்தான் எல்லாரும் தவறாகக் கணக்குப் போடுகிறார்கள்.

நமக்குப் புரிகிற மாதிரி மூன்று அணிக்கும் கோவில்பட்டி, தூத்துக்குடி, பாளையங்கோட்டை என்று பேர் வைப்போம். மூவரும் மற்ற மூன்று அணிகளையும் 60 நிமிடத்துக்குள் அடித்துவிட்டார்கள், ஆளுக்கு 9 புள்ளி. தங்களுக்குள் மோதியதில் கோவில்பட்டி பாளையங்கோட்டையை 4-1, பாளையங்கோட்டை தூத்துக்குடியை 3-2, தூத்துக்குடி கோவில்பட்டியை 2-1. எல்லாம் 60 நிமிடத்துக்குள். ஆக ஆளுக்கு 12. இப்போது யார் முதல்?

அந்த மூவருக்குள் நடந்த ஆட்டங்களை மட்டும் தனியே பிரியுங்கள், மற்றதை மறந்துவிடுங்கள். அதில் புள்ளி ஆளுக்கு 3, தீரவில்லை. அடுத்து அதே ஆட்டங்களின் கோல் வித்தியாசம். கோவில்பட்டி போட்டது 5, வாங்கியது 3, கூட்டல் 2. தூத்துக்குடி 4க்கு 4, பூஜ்யம். பாளையங்கோட்டை 4க்கு 6, கழித்தல் 2. கோவில்பட்டி முதல், தூத்துக்குடி இரண்டு, பாளை மூன்று. (ஊர்ப் பாசம் என்று சொல்லாதீர்கள், கணக்கு அப்படி வந்துவிட்டது.) அதிலும் சமம் என்றால் அந்த ஆட்டங்களில் யார் அதிகக் கோல், அதற்கும் பிறகு அந்த மூவருக்கு வெளியே முதலில் நிற்கிற அணியோடு ஒவ்வொருவரும் ஆடியது என்று நீளும்.

கவனிக்க வேண்டியது இதுதான்: பாளையங்கோட்டை கடைசி அணியை 17-0 என்று அடித்திருந்தாலும் இங்கே செல்லாது. பாவப்பட்ட அணி மேல் கோலைக் குவிப்பதால் லாபமில்லை என்பதை விதியே சொல்கிறது. இந்த விளையாட்டின் அடித்தட்டில் அப்படியும் நடந்திருக்கிறது. 1987இல் ஆடவர் டி பிரிவு உலகப் போட்டியில் ஆஸ்திரேலியா நியூசிலாந்தை 58-0 என்று அடித்தது. 2008இல் ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் ஸ்லோவாக்கியப் பெண்கள் பல்கேரியாவை 82-0. அப்படி ஒரு தாளை எழுதுகிற மேசைக்காரனுடைய கையை நினைத்துப் பார்க்கிறேன்.

கடைசி நாள்

ஆறு அணி, மூன்று ஆட்டம், யார் மேலே யார் கீழே என்பது பல சமயம் அன்றுதான் தெரியும். பலரும் இரவு ஆட்டத்துக்காகக் காத்திருப்பார்கள். நான் கீழே இருக்கிற இரண்டு அணிகள் மோதுகிற ஆட்டம் எதுவோ அதைத் தேடி எடுப்பேன், அது மதியம் காலி இருக்கைகளுக்கு முன்னால் நடந்தாலும் சரி. முதலிடம் நாலாம் நாளே முடிவாகியிருக்கலாம். இறங்காமல் தப்பிப்பது அவ்வளவு சீக்கிரம் முடிவாகாது. சிவப்பு மையில் எழுதிய அந்த ஒற்றைப் புள்ளிகள் இங்கேதான் பேசும். எப்போதோ முதல் நாள் கூடுதல் நேரத்தில் தோற்று வாங்கிய 1, ஓர் அணியை அந்தத் தட்டிலேயே உட்காரவைத்துவிடும்.

கடைசி மூன்று நிமிடத்தில் ஒரு கோல் பின்தங்கிய அணி கீப்பரை வெளியே இழுத்து ஆறாவது ஆளை இறக்கும். சமன் செய்தால் 1 புள்ளியாவது உறுதி, காலிக் கோலில் வாங்கினாலும் தோற்றது தோற்றதுதான். ஆனால் மூன்று பேர் சமமாகக் கூடிய நிலையில் அந்தக் கூடுதல் ஒரு கோல்கூடக் கணக்கைப் புரட்டிவிடும். பயிற்சியாளர் கீப்பரை இழுக்கத் தயங்கினால் பயந்தாங்கொள்ளி என்று திட்டுவதற்கு முன் உங்கள் நோட்டைப் பாருங்கள், அவர் கையிலும் அந்த மாதிரி ஒரு நோட்டு இருக்கும்.

விசில் அடித்ததும் படத்தை அணைக்காதீர்கள். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பிறகு இரு அணியும் நீலக் கோட்டில் வரிசையாக நிற்பார்கள், இரு அணியிலிருந்தும் சிறந்த ஆட்டக்காரர் ஒருவரை அழைப்பார்கள், அப்புறம் ஜெயித்த நாட்டின் தேசிய கீதம் ஒலிக்கும். உலக அரங்கில் வேறு எங்கும் அவ்வளவாகக் கேட்க வாய்க்காத கீதங்களை இங்கே கேட்கலாம். போட்டி முடிவில் சிறந்த கீப்பர், சிறந்த தடுப்பாளர், சிறந்த முன்கள ஆட்டக்காரர் என்று மூன்று பேரை அறிவிப்பார்கள். உங்கள் கீப்பர் பக்கத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எனக்கு எப்போதுமே அவர்களோடு ஒத்துப்போவதில்லை.

நம்ம நாடு எங்கே என்று கேட்பீர்கள். இந்தியா 1989இலிருந்து கூட்டமைப்பில் இருக்கிறது, ஆனால் நம் இருபது வயதுப் பையன்கள் இந்தத் தட்டுகளில் இல்லை. ஆட்டம் பெரும்பாலும் லடாக்கில், குளம் உறைகிற மாதங்களில். டேராடூனில் 2011இல் கட்டிய உள்ளரங்கம் பல வருடம் பூட்டிக் கிடந்து 2025இல்தான் மறுபடி உயிர் பெற்றது. இதற்கு நடுவிலும் பெண்கள் அணி 2017இல் பாங்காக்கில் பிலிப்பைன்ஸை 4-3 என்று வென்று முதல் வெற்றியை எடுத்தது. 2025இல் ஐக்கிய அரபு அமீரகத்தின் அல் ஐனில் நடந்த ஆசியக் கோப்பையில் வெண்கலம் வாங்கியது. அந்த ஆசியப் போட்டிகளுக்கும் இதே கட்டம், இதே சிவப்பு மை பொருந்தும்.

போட்டி முடிந்ததும் நோட்டை மூடுவதற்கு முன் அடுத்த பக்கத்தில் அடுத்த ஆண்டுக்கான ஆறு பெயரை எழுதிவையுங்கள். முதலில் வந்தவரை அடித்துவிட்டு மேலே இருந்து இறங்குகிறவரைச் சேருங்கள், கடைசியில் வந்தவரை அடித்துவிட்டு கீழே இருந்து ஏறுகிறவரைச் சேருங்கள். அதற்குப் பக்கத்துத் தட்டுகளின் முடிவும் தேவைப்படும், அவையும் பெரும்பாலும் ஜனவரியை ஒட்டியே வந்துவிடும்.

அவ்வளவு நாள் காத்திருக்க முடியாதென்றால் பதினெட்டு வயதுப் போட்டிகளின் கீழ்த்தட்டு மார்ச், ஏப்ரல் வாக்கில் வரும். முறை இதேதான். மார்ச் கடைசி ஞாயிறோடு ஐரோப்பாவில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளிவிடுவார்கள் என்பதை மட்டும் கவனியுங்கள். சோபியாவில் இரவு 8 மணி ஆட்டம் அப்போது நமக்கு 10:30. இஸ்தான்புல்லும் ரெய்க்யாவிக்கும் கடிகாரத்தைத் தொடுவதில்லை, பழைய கணக்கே செல்லும். எனக்கு அது வருஷக் கணக்கு முடிக்கிற சமயம், ஆபீஸில் தலைக்கு மேல் வேலை. அக்கா மகனிடம் நோட்டைக் கொடுத்துவிடுவேன், பரீட்சை முடிந்திருந்தால் அவன் எழுதுவான்.